சராசரிச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்காதே

கண்ணு,

நீ அனுப்பின இரண்டு கல்லூரிகளின் கட்டண விவரத்தையும் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். பிசியாலஜி (உடல் எப்படி இயங்குகிறது என்கிற படிப்பு), பேத்தாலஜி (நோய் உடலை என்ன செய்கிறது என்கிற படிப்பு), இதில் இளநிலைப் பட்டம் வாங்க உனக்குப் பிடித்திருக்கிறது, சரி, படிக்காதே என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் "இதைப் படித்தவர்களுக்குச் சராசரிச் சம்பளம் நல்லாத்தான் இருக்கும்மா" என்று எழுதியிருந்தாயே, எனக்கு இடிப்பது அந்தச் சராசரிதான்.

அம்மா பார்க்கிற வேலையையே எடுத்துக்கொள். நோயாளியிடம் எடுத்து லேபுக்கு வந்த திசுவை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்கிற சீவும் கருவியில் 4 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கு) கனத்துக்குச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றி (ஹீமடாக்சிலின் என்கிற சாயம் பட்டால் செல்லின் உட்கரு நீலம், இயோசின் என்கிற சாயம் பட்டால் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு) அனுப்புவது எங்களைப் போன்ற டெக்னீஷியன்கள். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து புற்றா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர், பெரும்பாலான நாடுகளில், மருத்துவம் முடித்து அதற்கு மேலும் பல வருஷம் பயிற்சி எடுத்த டாக்டர். இந்த இளநிலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கையெழுத்தைப் போட முடியாது. என் இருக்கைக்கு வரவும் பல இடங்களில் தனியாக லேப் படிப்பும், லேபில் வேலை பார்ப்பதற்கான பதிவும் கேட்பார்கள்.

அப்படியானால் இந்தப் பட்டம் மட்டும் எதற்கு உதவும்? ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளர், மருந்துச் சோதனைகளை ஒருங்கிணைக்கும் வேலை, லேப் கருவி விற்பனை, மருத்துவ எழுத்து. பிசியாலஜி பக்கம் கூடுதல் பயிற்சி எடுத்தால் நுரையீரல் செயல்பாட்டுச் சோதனை, நரம்புக் கடத்தல் சோதனை மாதிரி. மோசமான வேலைகள் இல்லை, ஆனால் ஆரம்பச் சம்பளம் நீ நினைக்கிற அளவு வராது. இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் மருத்துவத்துக்கோ பிசியோதெரபிக்கோ முதுகலைக்கோ போய்விடுகிறார்கள், பத்து வருஷம் கழித்து அவர்கள் வாங்கும் சம்பளமும் உன் சராசரியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாலு டாக்டர் சம்பளம் சேர்ந்தால் யாருடைய சராசரிதான் ஏறாது! அதனால் சராசரியை விடு, நடுமதிப்பைக் கேள் (எல்லார் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்பது), அதுவும் இளநிலையோடு நிறுத்திக்கொண்டவர்களுடையதாகக் கேள்.

கடன் பக்கம் இன்னும் கசப்பு. வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள், முதல் வருஷம் வாங்கின 100, நீ படிக்கிற 4 வருஷமும் கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி ஏறி 141 ஆகி நிற்கும். அதை 10 வருஷ மாதத் தவணையில் அடைத்து முடிக்கும்போது கையை விட்டுப் போனது ஏறக்குறைய 215. இடையில் மேல்படிப்புக்குப் போனால் தவணை தள்ளிப்போகலாம், வட்டி தள்ளிப்போகும் என்று நம்பாதே. மொத்தக் கடன் முதல் வருஷச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். கறாரான விதி இல்லை, ஆனாலும் நீ முதலில் எழுதியிருக்கும் பெரிய கல்லூரிக்கு ஆகும் கடன் அதைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது.

எப்படியும் மேலே படிப்பேன் என்கிறாய் இல்லையா, அப்படியானால் மலிவான கல்லூரியே போதும் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் வேலை கொடுக்கிறவர் பெரும்பாலும் கடைசியாக வாங்கின பட்டத்தைத்தான் பார்ப்பார், மிச்சமாகிற பணம் அந்த இரண்டாவது படிப்புக்கு ஆகும். ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பல இடங்களில் உதவித்தொகை உண்டு, முதுகலைக்கு அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது, அதையும் மனசில் வை. அந்தப் பெரிய கல்லூரி தன் சொந்த மருத்துவமனை லேபில் உங்களை உட்கார வைத்து வேலை பழக்கும், லேப் பதிவுக்கும் அந்தப் பட்டமே செல்லும் என்றால் மட்டும் மறுபடி யோசிக்கலாம்.

அப்புறம், இரண்டு துறைக்கும் ஒரு மெயில் போடு. போன வருஷம் முடித்து மேலே படிக்கப் போகாதவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள், பட்டத்தை வைத்து லேப் பதிவு கிடைக்குமா, இது இரண்டும்தான் கேள்வி. மழுப்பலாக எழுதினால் மறுபடி கேள். பதில் வரும்வரை முன்பணம் கட்டாதே, கடைசித் தேதி நெருங்கினால் எனக்குச் சொல்.

அம்மா