மோட்டாருக்குப் பணம் வரும், ஃபியூஸுக்கு வராது

பர்மிங்காம் அருகே,
23.3.2025, ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். உங்கள் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்கிறீர்கள். தம்பியைக் கேட்டால், ஊர்க் குடிநீர் டேங்க் ஏணியில் இன்னும் நீங்கள்தான் ஏறுகிறீர்கள் என்கிறான். பிளீச்சிங் பவுடர் கலக்க இனி அவனை ஏறச் சொல்லுங்கள். அவனுக்கு வாலிபால் ஆடக் கால் இருக்கிறதல்லவா?

இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் அம்மா போனை வாங்கி, என்ன குழம்பு, பேரன் களி சாப்பிடுகிறானா என்று போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். நீங்களும் எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

விஷயம், தம்பி போன வாரம் கேட்ட ஒரு லட்சம். திடலைச் சமன்படுத்த வேண்டுமாம், வாலிபால் கம்பம், வலை, இரண்டு ஃபோகஸ் லைட் வேண்டுமாம். "லண்டன் அக்கா கொடுக்கும்" என்று பசங்களிடம் சொல்லியும் விட்டானாம். நான் லண்டனில் இல்லை என்று பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு வரை எத்தனை தடவை சொல்வது! சரி, அது போகட்டும். பணம் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஒரு வாரமாக வேறொரு தாளை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் இந்தப் பணத்துக்கு வர முடியும்.

மார்ச் மாதம் ஆனால் இங்கே வீட்டுக்கு வீடு ஒரு பில் வரும். கவுன்சில் டாக்ஸ் என்று பெயர். நம் வீட்டு வரி மாதிரிதான், ஆனால் வீட்டுக்காரர் கட்டுவதில்லை, குடியிருப்பவர் கட்ட வேண்டும். வாடகைக்கு வாடகையும் கொடுத்து வரியும் நாங்களே கட்டுகிறோம். 1991ஆம் வருடம் ஏப்ரலில் அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்று பார்த்து ஏ முதல் எச் வரை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். இத்தனை வருடமாகியும் அந்தக் கணக்கை மாற்றவில்லை. எங்களுடையது பி. வருடத்துக்குச் சுமார் 1,800 பவுண்டு, நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏப்ரலிலிருந்து ஜனவரி வரை பத்துத் தவணை. நீங்கள் சில நூறு ரூபாய் வீட்டு வரி கட்டிவிட்டு அந்த ரசீதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டேன்.

அந்தப் பில்லில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நான் கட்டுவதில் மாவட்டக் கவுன்சிலுக்கு எவ்வளவு, அதற்குக் கீழே உள்ள கவுன்சிலுக்கு எவ்வளவு, போலீஸுக்கு, தீயணைப்புக்கு, கடைசியில் நம் ஊராட்சி மாதிரி இருக்கும் பாரிஷுக்கு எவ்வளவு என்று வரி வரியாகப் போட்டிருப்பார்கள். போன வருடத்தைவிட எத்தனை சதவீதம் கூடியது என்றும் பக்கத்திலேயே இருக்கும். பெரும் பங்கு மாவட்டக் கவுன்சிலுக்குப் போகிறது. அங்கே அதில் பெரும்பகுதி, தனியாகச் சமாளிக்க முடியாத முதியவர்களுக்கும் ஆதரவில்லாத பிள்ளைகளுக்கும் செலவாகிறது. இதை நான் தாளில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. என் ஆஸ்பத்திரி வார்டில் உடம்பு தேறிய பிறகும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடாகாமல் வாரக்கணக்கில் கட்டிலிலேயே கிடக்கும் பாட்டிகளைத் தினமும் பார்க்கிறேன். அந்த ஆளை ஏற்பாடு செய்ய வேண்டியதும் கவுன்சில்தான். கையில் இருப்பதெல்லாம் அங்கே போய்விட்டால் பூங்காவுக்கும் திடலுக்கும் நீச்சல் குளத்துக்கும் என்ன மிஞ்சும்?

நீச்சல் குளம் என்றதும்தான் எனக்கு வயிற்றெரிச்சல். நூலகம் நடத்தியே தீர வேண்டும் என்று இங்கே 1964இல் போட்ட சட்டம் இருக்கிறது. நீச்சல் குளத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நடத்தினால் நடத்தலாம், இல்லையென்றால் மூடலாம். 2022இல் காஸ் விலை ஏறியபோது தண்ணீரைச் சூடாக்கும் செலவு தாங்காமல் ஊர் ஊராகக் குளங்கள் தள்ளாடின. மத்திய அரசு 2023 பட்ஜெட்டில் குளங்களுக்கென்று 6 கோடி பவுண்டுக்கு மேல் அறிவித்தது. எங்கள் ஊர்க் குளத்துக்கு அதில் ஒன்றும் வந்து சேரவில்லை. முதலில் காலை நேரத்தை நிறுத்தினார்கள், அப்புறம் ஞாயிறு, போன ஆகஸ்டில் கூரை ரிப்பேர் என்று ஒரு நோட்டீஸ். நோட்டீஸ் வெயிலில் வெளுத்துவிட்டது, குளம் திறக்கவில்லை. தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள் பிள்ளைகள் 25 மீட்டர் நீந்த வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் பேரன் 15 மீட்டரில் நிற்கிறான். இப்போது பக்கத்து ஊர்க் குளத்துக்கு பஸ்ஸில் கூட்டிப் போகிறார்கள். போகவர ஆகும் நேரத்தில் பாதிகூடத் தண்ணீரில் இல்லை.

அது சம்பந்தமாக ஒரு கூட்டம் போட்டார்கள், நானும் போனேன். அதிகாரி ஒருவர் ஒரு பக்கக் கணக்கைக் காட்டினார். காஸ், கரண்ட், குளோரின், காவலுக்கு நிற்பவர்களின் சம்பளம், பம்ப் ரிப்பேர். டிக்கெட் வசூல் அதில் பாதிக்கும் வராது. அப்பா, எனக்கு உடனே உங்கள் சாக்கு நிற நோட்டுதான் ஞாபகம் வந்தது. அதிலும் இதேதானே எழுதியிருப்பீர்கள்: குளோரின், கரண்ட், மோட்டார். குளம் கட்டிய செலவு அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. கட்டிய பணம் எப்போதோ வந்து போய்விட்டது. தினம் வேண்டிய பணம்தான் யாரிடமும் இல்லை.

மோட்டாருக்குப் பணம் வரும், ஃபியூஸுக்கு வராது என்று நீங்கள் சொல்வீர்களே. மோட்டார் எரிந்து போனால் எஸ்டிமேட் போட்டு புது மோட்டார் இறங்கும். ஃபியூஸ் கம்பியும் வால்வு வாஷரும் மட்டும் நீங்கள் கடையில் கடன் சொல்லி வாங்குவீர்கள். மாதக் கடைசியில் அம்மா அந்தக் கடன் சீட்டைப் பார்த்துச் சத்தம் போடுவாள். "ஊருக்குத் தண்ணி விடறதுக்கு நம்ம வீட்டுப் பருப்புக் காசா?" என்பாள். அன்றைக்கு அம்மா கேட்டது சின்ன விஷயம் மாதிரி இருந்தது. இங்கே அதிகாரிகள் படம் போட்டு விளக்குவதும் அதைத்தான்.

இன்னொன்று கேட்டால் சிரிப்பீர்கள். போன மாதம் பல் டாக்டரிடம் போனேன். அரசு கட்டணத்தில் பார்க்கும் பல் டாக்டர் கிடைப்பது இங்கே குதிரைக் கொம்பு. சும்மா வாயைப் பார்க்கவே 26 பவுண்டு 80 பென்ஸ் வாங்கினார்கள். என் பல்லின் பழுப்புக் கறையைப் பார்த்ததும், "எந்த ஊரில் வளர்ந்தீர்கள்?" என்று கேட்டார். தர்மபுரி என்றேன். எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று விளக்கினேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத்தான் வாய் மூடவில்லை. பர்மிங்காமில் 1964இலிருந்து குடிநீரில் ஃப்ளோரைடை இவர்களே கலக்கிறார்களாம், பல் சொத்தை வராமலிருக்க! லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று அளந்து. நம் ஊரில் காவிரி ஒகேனக்கல்லில் கொட்டிக்கொண்டிருக்க, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய்விடக்கூடிய நாம் போர் தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டோம். அதை மாற்ற ஜப்பானிடம் கடன் வாங்கி, 1,928 கோடியில் திட்டம் போட்டு, 2013இல்தான் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் முதலில் நம் டேங்கில் விழுந்த அன்று நீங்கள் சொம்பில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். நம் தெருவில் இப்போது பால் பல் விழுந்து முளைக்கும் பிள்ளைகளின் பல் வெள்ளையாக இருக்கிறதா? அடுத்த தடவை பார்த்துச் சொல்லுங்கள்.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். பர்மிங்காம் கவுன்சில் 2023 செப்டம்பரில் கையில் காசில்லை என்று அறிவித்துவிட்டது. போன வருடம் வரியைப் பத்து சதவீதம் ஏற்றினார்கள், இந்த வருடம் இன்னொரு ஏழரை. இந்த மாதம் 11ஆம் தேதியிலிருந்து குப்பை அள்ளுபவர்கள் முழு வேலைநிறுத்தம். என்னோடு வேலை செய்யும் மலையாளிப் பெண்ணின் தெருவில் கறுப்புப் பைகள் இடுப்பு உயரத்துக்குக் கிடக்கின்றன, எலி வேறு. வரியையும் ஏற்றி எலியையும் வளர்க்கிறார்கள் என்று அவள் தினமும் புலம்புகிறாள்.

ஆனால் விளையாட்டுக்குப் பணம் வரும் ஒரு வழி இங்கே விசித்திரமாக இருக்கிறது. லாட்டரி! 1994இல் தொடங்கிய தேசிய லாட்டரியில் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு விளையாட்டுக்கு. நீங்கள் 2003இல் தடை வரும்வரை வாரம் தவறாமல் சீட்டு வாங்கினீர்கள். ஒரு தடவை ஐம்பது ரூபாய் விழுந்ததற்கு எல்லோருக்கும் நிப்பட் வாங்கி வந்தீர்கள். இங்கே இருந்திருந்தால் உங்கள் காசில் பாதித் திடலாவது எழும்பியிருக்கும். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

இப்போது நம் திடலுக்கு வருகிறேன். அது புதிதாக உண்டாக்க வேண்டிய திடல் இல்லையே அப்பா! அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஊராட்சி நூலகமும் விளையாட்டுத் திடலும் கட்டினார்களே, அப்போது வந்ததுதானே. நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது அங்கே புதுக் கம்பிகள் நட்டுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். போன முறை வந்தபோது அந்தக் கம்பியில் ஆடு கட்டியிருந்தது, பாதி இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துவிட்டது. 2024இல் எல்லா ஊராட்சிக்கும் கலைஞர் பெயரில் விளையாட்டுப் பொருள் கொடுத்தார்கள், 33 வகை. நமக்கும் வந்தது. கேரம் போர்டைத் தவிர எதையும் வெளியே பார்க்கவில்லை என்கிறான் தம்பி. வாலிபால் பீரோவுக்குள் இருக்கும்போது நான் எதற்குப் புதுப் பந்து வாங்க வேண்டும்?

அதனால் என் யோசனை இது. ஒரு லட்சத்தைத் தம்பி கையில் கொடுக்க மாட்டேன். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு போடுகிறது. நம் திடல் வேலையை அதில் சேர்க்க முடியுமா என்று பி.டி.ஓ. ஆபீசில் நீங்களே கேளுங்கள், உங்களைத் தெரியாதவர் அங்கே யார்? முடியும் என்றால் மக்கள் பங்குக்கு டிடி எடுக்க வேண்டிய பணத்தை நான் அனுப்புகிறேன். முள் வெட்டிச் சமன்படுத்துவதை நூறு நாள் வேலையில் எடுத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். ஜனவரியிலிருந்து ஊராட்சித் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, தனி அலுவலர்தான் எல்லாம். ஆனாலும் மே 1 கிராம சபை வருகிறது. பசங்களை டீக்கடையில் பேசுவதை விட்டுவிட்டு அங்கே வந்து தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். மத்திய நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்த பணம், அதைத் திடலுக்குத் திருப்ப முடியாது என்று அவர்களுக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும். இல்லையென்றால் உங்களிடமே சண்டைக்கு வருவார்கள்.

அந்த ஒரு லட்சத்தில் மீதி இருப்பதைப் பத்துத் தவணையாக மாதாமாதம் அனுப்புகிறேன், என் கவுன்சில் டாக்ஸ் மாதிரி. அது கரண்ட் பில்லுக்கும், கிழிந்த வலைக்கும், புல் வெட்டுகிறவர் கூலிக்கும் மட்டும். அதற்கொரு நோட்டுப் போட்டு நீங்கள் கணக்கு எழுதுங்கள். லைட் கனெக்‌ஷன் யார் பெயரில் என்பதை முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும், பத்தாவது மாதத்துக்கு அப்புறம் யார் கட்டுவார்கள் என்பதையும். அதற்குப் பதில் இல்லையென்றால் லைட்டே வேண்டாம், வெளிச்சம் இருக்கும்வரை ஆடட்டும்.

இன்னொரு நிபந்தனை. வாரத்தில் இரண்டு சாயங்காலம் திடல் பள்ளிக்கூடப் பெண்களுக்கு. நான் அந்த ஊரில் இருந்தவரை அந்தத் திடல் எனக்குக் குறுக்கே நடந்து போகும் வழி மட்டும்தான், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. தம்பி முணுமுணுத்தால் பணத்தில் முதல் பங்கு பெண்களுக்கு வலை வாங்கத்தான் என்று சொல்லிவிடுங்கள்.

இங்கே மணி பதினொன்று, அங்கே நாலரை. நீங்கள் எழுந்து வால்வு திறக்கக் கிளம்பியிருப்பீர்கள். டார்ச் லைட்டுக்கு பேட்டரி இருக்கிறதா? கடிதம் கிடைத்ததும் போன் செய்யுங்கள். அந்த பீரோ சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் பாப்பா