‘ஆனால் அலங்காரம்’: அச்சோவியத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அச்சோவியக் கண்காட்சிகளுக்குப் படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான் லினோவிலும் (லினோலியம் என்ற மென்மையான தகடு) மரப்பலகையிலும் செதுக்கி அச்செடுப்பவள். கடைசியாக நான் அனுப்பிய மூன்று படைப்புகளும் ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பி வந்தன: ‘நேர்த்தியானவை, ஆனால் அலங்காரத் தன்மை மிகுதி.’ நிராகரிப்பு எனக்குப் புதிதல்ல. அந்த ‘ஆனால்’தான் என்னை உறுத்துகிறது. பழைய அலங்கார மரபுகளைக் கற்று, அவற்றிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்ய முயலும் என் நண்பர்கள் சிலருக்கும் இதே சொல் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்திருக்கிறது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

அச்சோவியத்தின் மேல் பிற்காலத்தில் ஏறிய பூச்சைப் போல அலங்காரத்தை நினைக்கிறோம். நடந்தது வேறு. உலோகத் தகட்டில் கோடு கீறி, மை நிரப்பித் தாளில் ஒற்றி எடுக்கும் கலை 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பொற்கொல்லர் பட்டறைகளிலிருந்து கிளைத்தது. பொற்கொல்லரின் மகனான மார்ட்டின் ஷோன்காவர், இலைகளும் சுருள்கொடிகளும் மட்டுமே கொண்ட அச்சுகளைச் செய்தார். லியனார்டோ டா வின்சியின் வட்டத்திலிருந்து வந்த முடிச்சு வடிவங்களைப் பார்த்து, 1507 வாக்கில் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் ஆறு மரச்செதுக்கு அச்சுகள் உருவாக்கினார். அவற்றில் ஆளும் இல்லை, கதையும் இல்லை. பின்னிப் பின்னி வட்டமிடும் கோடு மட்டுமே உண்டு. இன்று ஒருவர் அப்படி ஒன்றை அனுப்பினால் அது முதல் சுற்றைத் தாண்டுமா என்று உண்மையாகவே கவலைப்படுகிறேன்.

திரும்பி வந்தவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் வேர் அல்போன்ஸ் மூக்கா என்ற ஓவியரின் பாணி. அவர் நடிகை சாரா பெர்னார்டுக்காக வரைந்த முதல் சுவரொட்டி 1895 ஜனவரியில் பாரிஸ் தெருக்களில் ஒட்டப்பட்டது. அந்தப் பாணியின் நெளியும் கோடு, கல்லில் வரைந்து அச்செடுக்கும் லித்தோகிராஃபுக்கு இயல்பானது. கல்லின் மேல் கை வழுக்கிச் செல்லும், கோடும் கூடவே செல்லும். லினோவில் கோட்டை வரையவே முடியாது. இரு பக்கமும் செதுக்கி அகற்றிய பிறகு நடுவில் மிஞ்சுவதுதான் கோடு. ஒரே மூச்சில் வரைந்த கூந்தல் சுருளை உளியால் மீட்டெடுக்க எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது தேவைப்பட்டது. அப்போது கோடு மாறிவிடுகிறது. வளைவில் சின்னச் சின்ன முனைகள் தோன்றுகின்றன, மென்மை குறைந்து ஒரு பிடிவாதம் ஏறுகிறது. அந்தப் பிடிவாதம்தான் என் படைப்பு.

அதை ஒரே பலகையில் பல நிறங்களாக அச்சிட்டேன். வெளிர் நிறம் முதலில். பிறகு அதே பலகையை மேலும் செதுக்கி அடுத்த நிறம். கடைசி நிறத்துக்கு வரும்போது பலகையில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். எத்தனை பிரதிகள் என்பதை முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும். பின்னால் இன்னொன்று எடுக்க வழியில்லை. திரும்பத் திரும்ப வரும் வடிவம் என்றால் இன்னும் கடினம். ஒரு துண்டின் வலது ஓரம் அடுத்த துண்டின் இடது ஓரத்தோடு சேர வேண்டும். ஓர் இதழ் அரை மில்லிமீட்டர் விலகினால், அந்தப் பிழை தாள் முழுக்க அணிவகுத்து நிற்கும்.

இவை எதுவும் நீங்கள் கேட்டு வாங்கும் சிறிய டிஜிட்டல் படத்தில் தெரியாது. தாளில் பலகை அழுந்திய தடமும் மையின் மேல் மை ஏறிய தடிப்பும் பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டுமே புலப்படும். திரையில் பார்த்தால் சுவர்த்தாள் போலத்தான் இருக்கும். சுவர்த்தாளும் அலங்காரத் துணியும் இழிவானவை அல்ல. ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1883இல் வடிவமைத்த ‘ஸ்ட்ராபெரித் திருடன்’ துணி, அவுரி நீலத்தில் தோய்த்து, வெளுத்து, மற்ற நிறங்களை மர அச்சுக்கட்டைகளால் ஒவ்வொன்றாகப் பதித்துச் செய்யப்பட்டது. அதுவும் அச்சுதான்.

உங்கள் தரப்பில் நியாயம் இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பழைய வடிவத்தை இணையத்திலிருந்து இறக்கி, நிறம் மாற்றி, கையெழுத்திட்டு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அவர்கள்மேல் கோபம் உண்டு. உலகின் பல மரபுகளின் அலங்காரங்களை 1856இல் வண்ண லித்தோகிராஃபில் தொகுத்து வெளியிட்ட ஓவன் ஜோன்ஸே, அப்படியே நகலெடுக்கும் போக்கைத் தடுக்கத் தன் தொகுப்பு உதவ வேண்டும் என்றுதான் முன்னுரையில் எழுதினார். நகலை நிராகரியுங்கள். நகல் என்றே எழுதி நிராகரியுங்கள். ‘அலங்காரம்’ என்று எழுதினால் நகலெடுத்தவரும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவரும் ஒரே குப்பைக் கூடைக்குள் போகிறோம்.

நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் 1963இல் லாஸ் ஏஞ்சலிஸின் டாமரிண்ட் பட்டறையில் லித்தோகிராஃப் செய்யத் தொடங்கினார். நூலில் செய்தால் கைவினை, தாளில் செய்தால் கலை என்று உலகம் பிரித்துப் பார்ப்பதை அவர் வெளிப்படையாகவே சொன்னார். இப்போது தாளுக்குள்ளேயே அந்தக் கோட்டைக் கிழிக்கிறோம்.

நான் கேட்பவை இரண்டு. இரண்டாம் சுற்றிலாவது அசல் அச்சுகளை வரவழைத்துக் கையில் எடுத்துப் பாருங்கள். மூல வடிவம் எது, அதில் எதை மாற்றினோம் என்று ஒரு பத்தி எழுதச் சொல்லி விண்ணப்பத்தில் இடம் கொடுங்கள். மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

அடுத்த அழைப்புக்கு அதே மூன்றையும் மறுபடி அனுப்பப் போகிறேன். விதிகள் அனுமதித்தால், செதுக்கித் தேய்ந்த அந்தப் பலகையையும் சேர்த்தே அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஓர் அச்சோவியக் கலைஞர்