கழுத்துக் குழாய் அடைத்தபோது கைகொடுத்தவர்களுக்கு

சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் இருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். போன் போட்டு விசாரித்தீர்கள், வீட்டுக்கே வந்தும் பார்த்தீர்கள். ஒவ்வொருவரிடமும் நின்று பேச இப்போது தெம்பில்லை. அதனால்தான் இந்த மடல்.

கிட்னி வேலை செய்யாததால், ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யும் டயலிசிஸ் எனக்கு நடக்கிறது. அதற்காகக் கையில் இரண்டு ரத்த நரம்புகளை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இன்னும் தேறவில்லை. நரம்பு தடித்து ஊசி தாங்க இரண்டு மாதம்போல ஆகும், சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும். அதுவரை, வலது கழுத்து நரம்பு வழியாக இதயம் வரை இறங்கும் குழாய்தான் எனக்குக் கதி. வெளியே இரண்டு முனை: சிவப்பு வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், நீலம் வழியாகத் திரும்பும். அந்தச் சிவப்புதான் மக்கர் செய்தது. நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டராவது ஓட வேண்டிய ரத்தம் 180ஐத் தாண்டவில்லை. பம்பைக் கூட்டினால் உடனே அலாரம்.

முதல் நன்றி எங்கள் டயலிசிஸ் சென்டர் மிஸ்ஸிக்கு, அதாவது நர்ஸுக்கு. பம்பைக் குறைத்திருந்தால் அலாரம் அடங்கியிருக்கும், நானும் நாலு மணி நேரம் கழித்து வீடு போயிருப்பேன். ஆனால் ரத்தம் பாதிதான் சுத்தமாகியிருக்கும். அவர் அப்படி விடவில்லை. டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, கிளாம்ப் சரியாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். நாற்காலியைச் சாய்த்துப் படுக்க வைத்தார். "பாத்துக், அங்கிள்! தாரிக் நாஃபாஸ்!" என்று இரும வைத்தார், மூச்சை இழுக்க வைத்தார். குழாயின் நுனி நரம்புச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் இதிலேயே விலகிவிடுமாம். எனக்கு விலகவில்லை. உப்புநீரைத் தள்ளிப் பார்த்தார், அதற்கும் மசியவில்லை. கடைசியில் சிவப்பையும் நீலத்தையும் மாற்றிப் பூட்டினார். ஓடியது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அவர், "இது இன்றைக்கு மட்டும்தான் அங்கிள். சுத்தமான ரத்தத்தையே மெஷின் திரும்ப இழுக்கும், பலன் குறையும்" என்று சொல்லிவிட்டு, கையோடு டாக்டருக்குப் போன் செய்தார்.

ஈப்போவில் பார்த்த இளம் டாக்டருக்கும் நன்றி. நம் பிள்ளைதான், நல்ல தமிழில் பேசினார். குழாய்க்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நிரப்பிக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தார். ரத்தம் நன்றாக ஓடியது, அப்புறம் சில நாளில் பழைய கதை. சாயம் செலுத்திப் படம் எடுத்தபோது நுனியைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று வளர்ந்திருப்பது தெரிந்தது. உடம்பு தனக்குள் வந்த அந்நியப் பொருளைப் போர்த்தப் பார்க்குமாம். ரப்பர் மரத்தில் வெட்டுக்கோட்டில் பால் உறைந்து படிவதுபோலவா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். பழைய குழாய்க்குள் கம்பி விட்டு, அதன் மேலேயே புதியதை ஏற்றினார்கள். மரத்துப்போக ஊசி போட்டதால் வலி பெரிதாக இல்லை. பயம்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி செம்பனை லாரி ஓட்டுகிறவர். இரவு வேலை முடித்துத் தூங்காமல்கூட என்னைக் காரில் ஈப்போவுக்குக் கொண்டுபோனார். பெட்ரோல் காசு கொடுத்தால் கோபித்துக்கொள்கிறார், அதனால் இங்கேயே சொல்லி வைக்கிறேன். காலை ஷிப்டில் தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்து, தான் மதியத்துக்கு மாறிக்கொண்ட சீனப் பெரியவருக்கும் நன்றி. டயலிசிஸ் செய்கிறவருக்குத்தான் அந்த நாற்காலியின் அருமை தெரியும். உப்புக் குறைத்துக் குழம்பு வைத்து அனுப்பிய எதிர்வீட்டு அக்காவுக்கும்.

குழாயைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவச் சொன்ன அண்ணனுக்கும் நன்றி. தடவவில்லை, கோபிக்க வேண்டாம். அந்த இடம் ஈரம்கூடப் படாமல் இருக்க வேண்டும். மூடியை மிஸ்ஸி தவிர யாரும் திறக்கக் கூடாது. காற்றுப் புகுந்தாலும் ஆபத்து, கிருமி புகுந்தாலும் ஆபத்து. காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

செவ்வாய், வியாழன், சனி நான் சென்டரில் இருப்பேன். மற்ற நாட்களில் தாராளமாக வீட்டுக்கு வாருங்கள். இளநீரும் ஆரஞ்சும் மட்டும் வேண்டாம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், எனக்கு ஆகாது. போன வாரம் வந்த இளநீரையெல்லாம் பேரப்பிள்ளைகள்தான் குடித்துத் தீர்த்தார்கள்.