அஸ்டெக் பேரரசை வீழ்த்தியது 500 பேர்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான, அஸ்டெக் பேரரசின் வீழ்ச்சி பற்றிய கட்டுரையைப் படித்தேன். இத்தகைய பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்கியது மகிழ்ச்சி அளிக்கிறது. ஆனால், ஏறத்தாழ 500 ஸ்பானிய வீரர்கள், குதிரைகளையும் துப்பாக்கிகளையும் கண்டு வந்தவர்களைக் கடவுள் என்று நம்பிவிட்ட லட்சக்கணக்கான மக்களை எளிதில் அடக்கிவிட்டனர் என்ற தொனியில் கட்டுரை முடிந்திருப்பதை ஏற்க இயலவில்லை. வென்றவர்கள் பின்னாளில் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை அது. பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், அந்தப் பேரரசு கட்டப்பட்ட விதத்திலேயே அதன் வீழ்ச்சிக்கான காரணமும் இருந்தது என்பதைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அஸ்டெக்குகள் என்று நாம் குறிப்பிடுவோர் தங்களை மெக்சிகா என்றே அழைத்துக்கொண்டனர். மரபு வழி வரலாற்றின்படி 1325-இல் இன்றைய மெக்சிகோவில் டெக்ஸ்கோகோ ஏரியின் நடுவே இருந்த தீவில் டெனோச்டிட்லான் நகரை அமைத்த இவர்கள், நூறு ஆண்டுகள் வரை அஸ்கபோட்சால்கோ என்ற அண்டை அரசுக்குத் திறை செலுத்தும் நிலையில்தான் இருந்தனர். 1428-இல் டெக்ஸ்கோகோ, ட்லாகோபான் ஆகிய நகரங்களோடு கூட்டுச் சேர்ந்து அந்த அரசை வீழ்த்திய பிறகே இவர்களுடைய ஆட்சி விரிவடையத் தொடங்கியது. ஆக, நாம் பேரரசு என்று சொல்வது நூறாண்டுகூட நிறையாத ஒரு முத்தரசுக் கூட்டணி.

அதன் தலைநகரைப் பற்றிக் கட்டுரை போதிய அளவு சொல்லவில்லை. ஏரியின் ஆழமற்ற பகுதியில் சேற்றையும் நீர்த்தாவரங்களையும் அடுக்கடுக்காகக் குவித்து, ஓரங்களில் வில்லோ மரங்களை நட்டு அவற்றின் வேர்களால் கரையை இறுக்கி, சினாம்பா என்னும் நீண்ட பாத்திகளை அமைத்து, ஆண்டு முழுவதும் மாறி மாறி மக்காச்சோளமும் காய்கறிகளும் விளைவித்தார்கள். சோச்சிமில்கோவில் இன்றும் அவற்றைக் காணலாம். சாபுல்டெபெக் ஊற்றிலிருந்து குடிநீர் கொண்டுவந்த கால்வாய் இரட்டை வாய்க்காலாகக் கட்டப்பட்டிருந்தது. ஒன்றைத் தூர்வாரும்போது மற்றதில் நீர் ஓடும். ட்லாடெலோல்கோ சந்தையில் வழக்குகளை உடனுக்குடன் தீர்க்க நீதிபதிகள் அமர்ந்திருந்தனர்; பொய் அளவைகளைக் கண்டால் அங்கேயே உடைத்தெறிய அலுவலர்கள் சுற்றி வந்தனர். சில்லறைக் காசாகக் கொக்கோ விதைகள் புழங்கின. அந்த விதையிலும் போலி செய்து விற்றவர்கள் இருந்தார்கள் என்பது, மனித இயல்பை அறிந்த எவருக்கும் வியப்பாக இராது.

குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு டெல்போச்கல்லி, பிரபுக்களின் பிள்ளைகளுக்கும் பூசாரிகளாகப் போகிறவர்களுக்கும் கால்மெகாக் என இரு வகைப் பள்ளிகள் இருந்தன. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணுக்குப் போர்க்களத்தில் வீழ்ந்த வீரனுக்கு இணையான மதிப்பு அளிக்கப்பட்டது. நரபலியை மறைக்கவோ மழுப்பவோ நான் முயலவில்லை. டெனோச்டிட்லான் இருந்த இடமான இன்றைய மெக்சிகோ நகரில், 2015-இல் அகழ்ந்தெடுக்கத் தொடங்கிய, பலியிடப்பட்டோரின் மண்டையோட்டு அடுக்கில் 600-க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் பெண்களுடையவையும் குழந்தைகளுடையவையும் உண்டு. ஆனால் ஒரே கோயில் விழாவில் 80,000 பேர் பலியிடப்பட்டனர் என்ற பழைய கணக்கை, எந்தக் கேள்வியும் இன்றி நாம் திரும்ப அச்சிடுவது முறையாகாது.

இனி வீழ்ச்சிக்கு வருகிறேன். வென்ற ஊர்களை மெக்சிகா மன்னர்கள் பெரும்பாலும் தாங்களே நேரடியாக ஆளவில்லை. உள்ளூர் அரசனும் அவனுடைய படையும் ஊர்த் தெய்வமும் அப்படியே விடப்பட்டன. குறித்த காலத்தில் பருத்தி ஆடைகள், கொக்கோ, பறவை இறகுகள், காய்ந்த மிளகாய்ச் சுமைகள் எனத் திறை வந்து சேர்ந்தால் போதும். (போர்த்துகீசியக் கப்பல்கள் வழியாகப் பின்னர் நம் குழம்புச் சட்டிக்கு வந்து சேர்ந்ததும் அந்த மண்ணின் மிளகாய்தான்.) செலவு குறைந்த ஆட்சிமுறை இது. ஆனால் மனக்குறை கொண்ட ஒவ்வோர் ஊரிலும் ஓர் அரசனையும் ஒரு படையையும் தயார்நிலையில் விட்டுவைத்த ஆட்சிமுறையும் இதுவே.

1519-இல் வெராகுரூஸ் கரையில் இறங்கிய ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்டெஸ் இந்தப் பிளவை மிக விரைவில் புரிந்துகொண்டார். அவருக்கு அதைப் புரியவைத்ததில், அடிமையாகக் கொடுக்கப்பட்டு மொழிபெயர்ப்பாளராக உயர்ந்த மலின்சின் என்ற பெண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. கடற்கரைப் பகுதியின் டோடோனாக் மக்களைத் தூண்டி மெக்சிகா மன்னர் மொக்டெசூமாவின் திறை அதிகாரிகளைச் சிறைபிடிக்கச் செய்த கோர்டெஸ், அன்றிரவே அவர்களுள் இருவரை இரகசியமாக விடுவித்து, தாம் நண்பர் என்ற செய்தியுடன் மொக்டெசூமாவிடம் அனுப்பிவைத்தார். இந்த ஒரு நிகழ்ச்சி, துப்பாக்கிகளைவிட அவரது முறையை நன்கு விளக்குகிறது.

அடுத்து ட்லாஸ்கலா. மெக்சிகா ஆட்சிப் பகுதிகளால் சூழப்பட்டும் பணியாமல் நின்ற அரசு அது. வணிகப் பாதைகள் அடைக்கப்பட்டதால் உப்பும் பருத்தியும் கிடைக்காமல் அம்மக்கள் நெடுங்காலம் அல்லலுற்றனர். அவர்கள் ஸ்பானியரைக் கண்டதும் காலில் விழுந்துவிடவில்லை. முதலில் கடுமையாகப் போரிட்டார்கள். பிறகே, மெக்சிகாவுக்கு எதிராகப் பயன்படுவார்கள் என்று கணக்கிட்டு உடன்பாடு செய்தார்கள். யார் யாரைப் பயன்படுத்தினர் என்பது அந்தக் கட்டத்தில் எளிதாக விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று.

கடவுள் என்ற நம்பிக்கை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோர்டெஸ் தம் மன்னருக்கு எழுதிய கடிதங்களில் கெட்சால்கோவாட்டில் என்ற தெய்வத்தின் பெயரே இடம்பெறவில்லை. நேர்மாறாக, மொக்டெசூமா தம் ஆடையை விலக்கி உடலைக் காட்டி, தாமும் மற்றவர்களைப் போலத் தசையும் எலும்பும் கொண்டவரே என்று சொன்னதாக அவர் எழுதுகிறார். கோர்டெஸின் உருவில் அந்தத் தெய்வமே திரும்பி வந்ததாக மெக்சிகா மக்கள் நம்பிய கதை, வெற்றிக்குப் பல்லாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட நூல்களில்தான் விரிவாக வருகிறது. மேலும், 1520 மே மாதத்தில் டோஷ்காடில் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்த ஆயுதமற்ற மக்களை, கோர்டெஸின் துணைத் தளபதி ஆல்வராடோவின் வீரர்கள் வெட்டிச் சாய்த்த பிறகு, நகரமே திரண்டெழுந்தது. ஜூன் 30 இரவில் ஸ்பானியர் பாதிக்கும் மேற்பட்டோரை இழந்து தப்பியோடினர். குதிரைகளும் துப்பாக்கிகளும் அன்றும் அவர்களிடம் இருந்தன.

எல்லாம் அத்துடன் முடிந்திருக்கலாம். மொக்டெசூமாவுக்குப் பின் அரியணை ஏறிய குயிட்லாவாக் ட்லாஸ்கலாவுக்குத் தூது அனுப்பி, பழைய பகையை மறந்து கைகோக்க அழைத்தார். ட்லாஸ்கலாவின் தளபதி இளைய ஹிகோடென்காட்டில் அதை ஆதரித்தார், மூத்தோர் ஏற்கவில்லை. நூறாண்டுப் பகைக்கு முன் ஒரு தூதின் சொல் எடுபடவில்லை. சில மாதங்களில், நார்வாயெஸ் என்ற மற்றொரு ஸ்பானியத் தளபதியின் படையோடு கரையிறங்கிய பெரியம்மை தலைநகரை எட்டியது. எழுந்து நீர் கொடுக்கவோ உணவு சமைக்கவோ ஆளில்லாமல், நோயால் மட்டுமின்றிப் பசியாலும் பலர் மடிந்ததாக, சஹாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியாரிடம் மெக்சிகா முதியோர் பிற்காலத்தில் தங்கள் மொழியிலேயே விவரித்துள்ளனர். ஏறத்தாழ 80 நாள்களே ஆண்ட குயிட்லாவாக்கும் அந்நோய்க்கே பலியானார்.

1521-இன் முற்றுகையில் டெனோச்டிட்லானைச் சூழ்ந்து நின்றவர்களில் ஸ்பானியர் ஆயிரத்துக்கும் குறைவானவர்களே; அவர்களுடன் இருந்த ட்லாஸ்கலா, டெக்ஸ்கோகோ, சால்கோ முதலிய ஊர்களின் வீரர்கள் பல்லாயிரம் பேர். ஏரியில் போரிட்ட 13 பாய்மரக் கப்பல்களின் மரங்களை ட்லாஸ்கலாவில் அறுத்து, ஆயிரக்கணக்கான சுமைகாரர்கள் மலை வழியே தோளில் சுமந்து வந்தனர். முத்தரசுக் கூட்டணியின் உறுப்பான டெக்ஸ்கோகோவே, 1515-இல் எழுந்த வாரிசுப் பூசலால் பிளவுபட்டு, அதன் இளவரசர் இஷ்ட்லில்ஷோசிட்டில் எதிரணியில் நின்றார் என்பதைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. குடிநீர்க் கால்வாய் துண்டிக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் பல்லியையும் மக்காச்சோளத் தட்டையையும் தின்று, தோலை மென்று, மே இறுதியிலிருந்து ஆகஸ்ட் 13 வரை தாக்குப்பிடித்தார்கள். அன்று கடைசி மன்னர் குவாடெமோக் படகில் பிடிபட்டார். 1525-இல் கோர்டெஸ் அவரைத் தூக்கிலிட்டார். கடவுள் என்று அஞ்சி நடுங்கிய மக்கள் இப்படிப் போரிட்டிருக்க முடியுமா என்பதைக் கட்டுரையாளரின் சிந்தனைக்கே விடுகிறேன்.

கடைசியாக ஒரு திருத்தம். 'அழிந்துபோன இனம்' என்று படத்தின் கீழ் அச்சிட்டிருக்கிறீர்கள். போருக்குப் பின்னும் கொள்ளைநோய்கள், குறிப்பாக 1545-இலும் 1576-இலும், அம்மக்களைப் பெருமளவில் கொன்றது உண்மை. ஆயினும் அவர்களுடைய நாவாட்டில் மொழியில் ஊர் மன்றக் குறிப்புகளும் உயில்களும் 18-ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டன. மெக்சிகோவில் இன்றும் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அம்மொழியைப் பேசுகின்றனர். இக்கட்டுரை போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்களாலும் வெட்டி வைத்துக்கொள்ளப்படும் என்பதால், படக்குறிப்புக்கான திருத்தத்தையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.