பூட்டிக் கிடக்கும் வேதக்கோயிலை வாங்க நினைப்பவர்களுக்கு

ஆசிரியருக்கு,

நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கம் சில ஊர்களில் புதுக் கான்கிரீட் ஆலயம் எழும்பியதும் பழைய வேதக்கோயிலை, அதாவது கிறிஸ்தவ ஆலயத்தை, பூட்டிவிடுகிறார்கள். அதை மலிவாக வாங்கி நூலகமாகவோ டியூஷன் கூடமாகவோ மாற்ற நினைப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் அட்வான்ஸ் கொடுக்குமுன் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று பாருங்கள்.

உள்ளூர்ச் சபைகளை நடத்தும் சேகரக் கமிட்டியின் தீர்மானம் மட்டும் போதாது. தென்னிந்தியத் திருச்சபைச் சொத்து பெரும்பாலும் அதன் சொத்துகளை வைத்திருக்கும் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரிலும், கத்தோலிக்கக் கோயில் மறைமாவட்டத்தின் பொறுப்பிலும் இருக்கும். பொது அறக்கட்டளைச் சொத்தை விற்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் நீதிமன்ற அனுமதி கேட்க வழி உண்டு. அந்த உத்தரவு இல்லாமல் வாங்குவது வழக்கை விலைக்கு வாங்குவதுதான். "பேசியாச்சு, பத்திரம் பிறகு பார்த்துக்கலாம்" என்பவரிடம் ஒரு ரூபாயும் நீட்ட வேண்டாம்.

இணையத்தில் வில்லங்கச் சான்று ஒரு குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் கிடைக்கும். கோயில் நிலமோ அதற்கும் வெகு முன்னே எழுதிக் கொடுத்ததாக இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுப் பழைய புத்தகங்களைத் தேடச் சொல்லுங்கள். தானப் பத்திரத்தில் 'ஆராதனைக்கு மட்டும்' என்று இருந்தால் தானம் கொடுத்தவரின் வாரிசு வந்து நிற்பார். கிராம நிலங்களைக் குறிக்கும் வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வேறு சபையார் ஜெபக்கூடத்துக்காக வாங்குவதும் ஆபத்து. ஒரு பிரிவின் வழிபாட்டிடத்தை மற்றொரு பிரிவின் வழிபாட்டிடமாக மாற்ற 1991ஆம் ஆண்டு வழிபாட்டுத் தலங்கள் சட்டம் தடை விதிக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. கத்தோலிக்கக் கோயில் என்றால், அதை வழிபாடு அல்லாத பொது உபயோகத்துக்கு விடும் ஆயரின் ஆணையைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஆணையால் பலிபீடத்தின் புனிதம் நீங்குவதில்லை. ஆகவே பலிபீடத்தை மறைமாவட்டத்தாரே எடுத்துச் செல்லட்டும். மணி, பெஞ்சு, நினைவுக் கல்வெட்டு எது யாருக்கு என்பதும் பத்திரத்தில் வர வேண்டும்.

கட்டடத்தை ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான்! கோபுரமும் ஓட்டுக்கூரையும் சேரும் மூலையில்தான் முதலில் தண்ணீர் இறங்கும். கூரையைத் தாங்கும் பனங்கைகளில் (பனைமரச் சட்டங்களில்) சுவருக்குள் புதைந்த நுனியைக் கம்பியால் குத்திப் பாருங்கள். வெளியே வைரம் பாய்ந்து நிற்கும், உள்ளே கரையான் அரித்து மாவாகியிருக்கும்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுவதுதான் நம்மூரில் நடக்கும் பெரிய கேடு. சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சிமெண்ட் அதை வெளியே விடாது. உப்புப் பூத்து, இரண்டடி மூன்றடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிரும். மேலே மறுபடி சிமெண்ட் பூசினால் ஈரம் இன்னும் உயரே ஏறும். பழைய சிமெண்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்துப் பூசுங்கள். கடல் மணல் கூடவே கூடாது.

உள்ளே பரண்தளம் போடுவதானால் சுவரில் போல்ட் அடிக்காதீர்கள், காரை பிடிக்காது. தனி இரும்புத் தூண் நிறுத்தி, அதற்குத் தனி அஸ்திவாரம் போடுவதே முறை.

வளாகத்தில் கல்லறை இருந்தால் அந்தத் துண்டை அளந்து ஒதுக்கி, போய்வரும் பாதையை நாலெல்லையோடு கிரயப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, உங்கள் வாசலில் தகராறுதான்.

பழைய கட்டடப் பராமரிப்புப் பணியாளர்கள்,
வள்ளியூர்