முகாம் முடிந்த மறுநாள் என்ன?

அன்பு மாப்பிள்ளை,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் கிடையாது. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் நலம். பாதரசம் சார் ஓய்வு பெற்ற பிறகும் எதிரே யார் உட்கார்ந்தாலும் பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் கஃப்பை எடுக்கிறாராம். நெட்டை இன்னும் உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறான். காரணம் அவனுக்கே மறந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். "பி.பி. பணக்கார நாடுகளின் வியாதி, இருந்தாலும் ஆயிரம் பேருக்கு ஒரே நாளில் முகாம் போட்டுவிடலாம்" என்று எழுதியிருக்கிறாய். அதில் முதல் பாதி தப்பு, இரண்டாவது பாதி ஆபத்து.

30 முதல் 79 வயதுக்குள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உலகத்தில் 2019-இல் ஏறக்குறைய 128 கோடிப் பேர். 1990-இல் இதில் பாதிதான். இவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வறிய நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருந்தார்கள். 2014-இல் வெளிவந்த 'ப்யூர்' ஆய்வு உனக்கு ஞாபகம் இருக்கும், பணக்கார, ஏழை நாடுகளின் இதய நோயை ஒப்பிட்டது. 17 நாடுகள், ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். தொப்பை, புகை, சர்க்கரை, பி.பி. எல்லாவற்றையும் சேர்த்து ஆபத்துக்கு மதிப்பெண் போட்டதில் பணக்கார நாட்டுக்காரர்களுக்குத்தான் அதிக மதிப்பெண், ஏழை நாட்டுக்காரர்களுக்குக் குறைவு. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் தலைகீழாக வந்தன. ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்குப் பணக்கார நாடுகளில் 4, ஏழை நாடுகளில் 6.4. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் அங்கே நூற்றுக்கு 6.5, இங்கே 17.3. குறைந்த ஆபத்தோடு கிளம்பியவன்தான் அதிகம் சாகிறான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்குவதில்லை.

இந்த வித்தியாசத்துக்கு ஸ்கேன் மெஷின் இல்லாததைக் காரணம் காட்டுவார் முகாம் போடும் உங்கள் தலைவர். அவரிடம் ஜப்பானைப் பற்றிச் சொல். ஒரு காலத்தில் அங்கே சாவுக்கு முதல் காரணமே பக்கவாதம்தான். 1960-களின் நடுவில் அந்தச் சாவு விகிதம் இறங்க ஆரம்பித்தது. உலகத்தில் முதல் நோயாளிக்குத் தலை சி.டி. ஸ்கேன் எடுத்ததே 1971-இல். அதற்கு முன்பே இறக்கம் தொடங்கிவிட்டது. ஊர் ஊராக அழுத்தம் அளந்தார்கள், மருந்து கொடுத்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், ஸ்கேன் இல்லாமல் அதைப் போடவும் முடியாது. ஆனால் கை கால் விழுந்த பிறகு ஓடும் ஓட்டம் அது. பக்கவாதத்தின் காரணங்களைத் தேடி 2016-இல் வந்த 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வில் 32 நாடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது பக்கவாதத்தில் கிட்டத்தட்ட பாதிக்கு உயர் ரத்த அழுத்தம் ஒன்றே காரணமாக இருந்தது.

இப்போது உன் முகாம். ஆயிரம் பேரை அளக்கிறாய். வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் அழுத்தம் என்று வைத்தால் 330 பேர். ஆளுக்குத் தினம் ஒரு மாத்திரை என்றாலே மாதம் பத்தாயிரம். பாதிப் பேருக்கு இரண்டாவது மருந்தும் வேண்டியிருக்கும். இது உன் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் 330 பேருக்குப் பயத்தையும் ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறாய். 2019-இன் உலகக் கணக்கு எப்படிக் கரைகிறது பார்: உயர் அழுத்தம் உள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு நோய் கண்டறியப்பட்டிருக்கிறது, மருந்து எடுப்பவர்கள் 47, அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் 23. ஆண்களில் 49, 38, 18. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமந்த கதைதான். உன் முகாம் குடத்தின் வாயைப் பெரிதாக்குகிறது, அவ்வளவே.

அளப்பதிலிருந்தே தொடங்கு. உன் பழைய நோட்டுகளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது: 140/90, 130/80, 150/90, எல்லாமே பூஜ்யத்துக்கு உருட்டியவை. பூஜ்யத்தில் முடியாத மனிதனே உன் வார்டில் படுத்ததில்லை. எலக்ட்ரானிக் மெஷின் வாங்கு, மேற்கைக்கு மாட்டுவதாக, சரிபார்த்துச் சான்று பெற்றதாக. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கஃப் குறைந்தது இரண்டு அளவு. பருத்த கைக்குச் சின்னக் கஃப் போட்டால் இல்லாத பி.பி. வரும். ஐந்து நிமிடம் சும்மா உட்காரவை. முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கால் மேல் கால் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில். கை பத்து சென்டிமீட்டர் தொங்கினாலே ஏழெட்டுப் புள்ளி கூடிவிடும். சிறுநீர் முட்டிக்கொண்டு இருப்பவரையும், அரை மணிக்குள் புகை பிடித்தவரையும், பேசிக்கொண்டே கை நீட்டுபவரையும் அளக்காதே. ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை அளந்து சராசரியை எழுது. இப்படிச் செய்தால் ஒரு மெஷினுக்கு மணிக்கு ஏழெட்டுப் பேரைத் தாண்டாது. ஒரே நாளில் ஆயிரம் என்பது எப்படி ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

140/90-க்குச் சற்று மேலே என்றால் இன்னொரு நாள் அளந்து உறுதிசெய். 180/110-ஐத் தாண்டினால் அன்றே மருந்து. அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் தளர்ச்சி ஏதாவது இருந்தால் பெரிய ஆஸ்பத்திரி. யாராவது அவசரப்பட்டு நிபிடிபின் கேப்சூலைக் கடித்து நாக்கடியில் வைக்க வந்தால் கையைத் தட்டிவிடு. அழுத்தம் மளமளவென்று சரிந்தால் அதுவே பக்கவாதத்தைக் கொண்டுவரும்.

மருந்து விஷயத்தில் நம் ஆட்களின் மேதாவித்தனத்தைக் கொஞ்சம் மூட்டை கட்டு. எட்டு டாக்டர் எட்டு விதமாக எழுதினால் கிடங்கில் எந்த மருந்தும் நிலைக்காது. ஒரே வழிமுறை: அம்லோடிபின் 5 மி.கி., ஒரு மாதத்தில் இறங்கவில்லையென்றால் டெல்மிசார்டன் 40 சேர், பிறகும் இல்லையென்றால் குளோர்தாலிடோன் 12.5. ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட இரண்டாவதைச் சேர்ப்பது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு பலன் தரும்; ஏறிய டோஸில் பக்கவிளைவுதான் கூடும். அம்லோடிபினில் கணுக்கால் வீங்கும், அதை முதலிலேயே சொல்லிவிடு. சொல்லாமல் விட்டால் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். கர்ப்பமாகக்கூடிய வயதுப் பெண்ணுக்கு டெல்மிசார்டன் எழுதும் முன் கர்ப்பமா, அந்த எண்ணம் உண்டா என்று கேள். குளோர்தாலிடோனில் வயதானவர்களுக்குச் சோடியமும் பொட்டாசியமும் இறங்கும்.

"நார்மல் ஆகிவிட்டது, நிறுத்திவிட்டேன்" என்பதுதான் நம் எல்லாருக்கும் முதல் எதிரி. நார்மலாக இருப்பது மாத்திரையால்தான் என்று முதல் நாளே சொல்ல வேண்டும், பிறகு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். நிலையானவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை ஒன்றாகக் கொடு. ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுத்து ஒரு நாள் கூலியை இழக்கவைத்தால் மூன்றாவது முறை யார் வருவார்?

டாக்டர் இல்லை என்று புலம்பாதே. சீனாவில் 326 கிராமங்களில், 34,000 பேரிடம், கிராம சுகாதாரப் பணியாளர்களை வைத்தே செய்து பார்த்தார்கள். எழுதிவைத்த வழிமுறை, இலவசமாக அல்லது சலுகையில் மருந்து, வீட்டுக்கு ஒரு மெஷின், மேலே ஒரு டாக்டரின் மேற்பார்வை. 18 மாதத்தில் 130/80-க்குக் கீழே வந்தவர்கள் 57 விழுக்காடு. வழக்கமான கவனிப்பில் இருந்த கிராமங்களில் 20. மூன்று ஆண்டு முடிவில் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கொலம்பியா, மலேசியாவிலும் பணியாளர்களோடு வீட்டில் ஒரு ஆளைத் துணைக்கு வைத்து அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவதில் இதே மாதிரிப் பலன் பார்த்தார்கள். மேலே டாக்டர் வேண்டும்தான், ஒவ்வொரு மாத்திரைக்கும் வேண்டியதில்லை.

உப்பு விஷயத்தில் உனக்கு ஆர்வம் அதிகம், எனக்கும்தான். அதே சீனாவில் 600 கிராமங்களில் சாதா உப்புக்குப் பதில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்ததைக் கொடுத்ததில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் மட்டும் அது ஆகாது.

கடைசியாகப் பதிவேடு. பெயர், போன், பி.பி. அளவு, மருந்து, அடுத்த தேதி போதும். தேதி தாண்டி ஒரு வாரத்தில் வராதவருக்குப் போன். மூன்று மாதம் கழித்து, பதிந்தவர்களில் 140/90-க்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணு. வராதவரையும் கட்டுப்படாதவராகவே கணக்கில் வை. வந்தவர்களை மட்டும் எண்ணி 80 விழுக்காடு என்று மேடையில் வாசித்தால் நெட்டை எழுந்து கேள்வி கேட்பான், நானே அவனை அழைத்து வருவேன்.

ஆறு மாத மாத்திரை கிடங்கில் இறங்கிய பிறகு முகாம் தேதியைக் குறி. ஆயிரத்தை முந்நூறாக்கி மூன்று நாளாகப் பிரி. கொள்முதல் பட்டியலையும் பதிவேட்டு மாதிரியையும் அனுப்பு, சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். போன வாரம் உன் பி.பி. எவ்வளவு என்பதையும் எழுது, பூஜ்யத்தில் முடியாமல்.

உன்,
மச்சான்