அந்தமானுக்குக் குடும்பங்களை அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையோ மதுரையோ கோவையோ, அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் அந்தமான் குடும்பப் பேக்கேஜ் விற்கும் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் '5 இரவு 6 பகல்' திட்டங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. முதல் நாள் விடியற்காலை விமானம், பகலில் போர்ட் பிளேரின் செல்லுலார் சிறை, இருட்டியதும் ஒலி ஒளிக் காட்சி. மறுநாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக் தீவு, பிற்பகல் ராதாநகர் கடற்கரை. மூன்றாம் நாள் எலிஃபன்ட் கடற்கரை, நான்காம் நாள் நீல் தீவு, ஐந்தாம் நாள் போர்ட் பிளேர், ஆறாம் நாள் ஊர். இந்த வரிசையில் போகும் குடும்பங்களில் மூன்றாம் நாளுக்குள் யாராவது ஒருவர் படுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் குழந்தை, இல்லையென்றால் பாட்டி. வாந்தி, வயிற்றுப்போக்கு, காதுவலி, காலில் கீறல், தோல் எரிச்சல் என்று எல்லாம் சின்னச் சின்ன உபத்திரவங்கள்தான். ஆனால் பல வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் வாங்கிய ஆறு நாளில் இரண்டு நாள் விடுதி அறைக்குள் போய்விடுகிறது. இதில் பெரும்பகுதி உங்கள் கால அட்டவணையிலிருந்தே வருகிறது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் தூக்கம். காலை 6 மணி விமானத்துக்கு 4 மணிக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டும் என்றால் குழந்தை 2 மணிக்கு எழுப்பப்படுகிறது. அன்று இரவு ஒலி ஒளிக் காட்சி முடிந்து சாப்பிட்டுப் படுக்கப் பத்து மணி. மறுநாள் கப்பலுக்காக மறுபடி 4.30க்கு எழுப்புகிறீர்கள். இரண்டு இரவு தூங்காத பிள்ளையை அலையில் ஏற்றினால் குமட்டாமல் என்ன செய்யும்? செல்லுலார் சிறையை ஐந்தாம் நாளுக்கு மாற்றுங்கள். எப்படியும் அன்று போர்ட் பிளேருக்குத்தான் திரும்புகிறார்கள். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் வேண்டாம். கடைசி இரவு போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும் என்ற விதியை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். காற்று எழும்பிக் கப்பல் ரத்தானால் தீவில் மாட்டிக்கொண்டவருக்காக விமானம் காத்திருக்காது.

அடுத்தது வெயில். இந்த ஒன்றை மட்டும் சரி செய்தாலே பாதி நோய் குறையும். அந்தமானுக்கும் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் அப்படியில்லை. போர்ட் பிளேர் சென்னையைவிடச் சுமார் 12.5 பாகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. சென்னையில் 12 மணி தாண்டி உச்சிக்கு வரும் சூரியன் அங்கே 11.20 வாக்கிலேயே தலைக்கு மேல் நிற்கும். நவம்பரில் 11 மணிக்கே. எலிஃபன்ட் கடற்கரைக்கு 9 மணிக்குக் கிளப்பி 12.30க்குத் திருப்பிக் கூட்டி வரும் உங்கள் திட்டம், அன்றைய உச்சி வெயில் முழுவதையும் குழந்தையின் முதுகில் இறக்குகிறது. தண்ணீருக்குள் இருப்பதால் சுடுவதும் தெரியாது. ராத்திரிதான் முதுகு சிவந்து, தலை வலித்து, காய்ச்சல் போல உடம்பு கொதிக்கும். முதல் படகுகளிலேயே அனுப்பி 10 மணிக்குள் திரும்பச் செய்யுங்கள். பிற்பகல் 3 மணி அங்கே சென்னையின் 4 மணி வெயில் மாதிரி. அப்போது கடலில் இறக்கலாம். ஆனால் மழைக்காலம் முடிந்த மாதங்களில் 5.30க்கெல்லாம் இருட்டிவிடும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். வெயில் களிம்பைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். களிம்பு பூசினால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்து ஏறிய ஒவ்வொரு முறையும் திரும்பப் பூச வேண்டும்.

கடல் ஏற்ற வற்றத்தையும் உங்கள் அட்டவணை பார்ப்பதில்லை. நீல் தீவின் இயற்கைப் பாலத்துக்குத் தண்ணீர் வற்றியிருக்கும்போதுதான் பாறை மேல் நடந்து போக முடியும். வற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தும். இன்று 10 மணிக்கு வற்றினால் நாளை 10.50. நீங்களோ எல்லாக் குழுவுக்கும், எல்லா நாளும் ஒரே நேரத்தை எழுதிக் கொடுக்கிறீர்கள். தண்ணீர் ஏறும் நேரத்தில் போகிறவர்கள் பாசி படிந்த பாறையில் வழுக்கி மணிக்கட்டை ஊன்றி விழுகிறார்கள். ஏற்ற வற்ற அட்டவணை முன்கூட்டியே கிடைக்கிறது. டிக்கெட் போடும் அன்றே அதைப் பார்த்து நேரம் எழுத உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும்.

கப்பல் வாந்திக்கு வருவோம். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போக வேகக் கப்பலில் ஒன்றரை மணி, அரசுக் கப்பலில் இரண்டரை மணி ஆகும். வேகக் கப்பல்கள் கண்ணாடி மூடிய குளிர் அறைகள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆடுகிறது என்கிறது, முன் இருக்கையின் முதுகையோ கைபேசியையோ பார்க்கும் கண் ஆடவில்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். எனவே இருக்கை ஒதுக்கும்போது குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கீழ்த்தளத்தில், நடுவில் அல்லது சற்றுப் பின்னால், ஜன்னலோரம் வாங்குங்கள். கப்பலின் மூக்குப் பகுதிதான் அதிகம் தூக்கிப் போடும். 'முன் வரிசை' என்று கூடுதல் காசுக்கு விற்பது இவர்களுக்குச் செய்யும் கெடுதல். குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பு போட வேண்டும். வாய் ஊற ஆரம்பித்த பின் போட்டால் வயிறு அதை உள்ளே வாங்காது. இந்த மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. மற்றக் குழந்தைகளுக்கு எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவை ஊரிலேயே கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நெய்ப் பொங்கலும் ஆகாது. இரண்டு இட்லி போதும்.

சாப்பாடு என்றதும் அந்த 'பேக் செய்த காலை உணவு' நினைவுக்கு வருகிறது. விடியுமுன் வாங்கிய முட்டை ரொட்டியோ தேங்காய்ச் சட்னியோ பைக்குள் கிடந்து, தீவில் இறங்கி 10 மணிக்குப் பிரிக்கப்படுகிறது. சமைத்த உணவு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, புழுக்கமான வெயிலில் 1 மணி நேரத்துக்கு மேலேயே கூடாது. அதில் சில கிருமிகள் விடும் நஞ்சு, சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தியைக் கிளப்பும். எல்லாரும் கப்பல் மேல் பழி போடுகிறார்கள். அடையாளம் எளிது: கப்பல் வாந்தி கரை இறங்கிச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். இறங்கிய பிறகு தொடங்கினாலோ பேதியும் சேர்ந்தாலோ அது சாப்பாடு. வாழைப்பழம், பிஸ்கட் இவற்றைக் கட்டிக் கொடுங்கள். இட்லி என்றால் சட்னி இல்லாமல் பொடியோடு, அதையும் 2 மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்லுங்கள்.

பேதி தொடங்கினால் நடக்கும் தவறுகள் மருந்தில் இல்லை, கரைப்பதில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவன அளவுள்ள ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் 20.5 கிராம். அதை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கொட்டிக் கரைக்க வேண்டும். விடுதி அறையில் ஒரு டம்ளர் தண்ணீரில் மொத்தப் பாக்கெட்டையும் போட்டுக் கொடுத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்து. பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவாகக் கொட்டுவதும் தவறு. லிட்டர் பாட்டில் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது இதற்காகவே. 2 வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை வயிற்றால் போனதும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி. குடித்ததும் வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, 2 நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாக மறுபடி. பழச்சுவை அட்டைப்பெட்டிப் பானங்கள் இதற்கு ஈடல்ல. அந்த அளவுக்குப் பொருந்தாத பானங்களின் பெயரில் 'ஓஆர்எஸ்' என்று போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. தீவில் எங்கும் கிடைக்கும் இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, பேதியில் இழந்ததை அது மட்டும் ஈடு செய்யாது. 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிந்திருக்கிறது, மலத்தில் ரத்தம், எழுப்பினால் சோர்ந்து விழுகிறது என்றால் கரைசலோடு காத்திருக்கக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். ஹேவ்லாக்கிலும் நீலிலும் அரசு சுகாதார நிலையம் உண்டு. பெரிய சிகிச்சைக்குப் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை. ராதாநகர் பக்கம் அறை போட்டால் கப்பல் துறையும் கடைவீதியும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. ராத்திரி வண்டி கிடைப்பது கடினம். ஓர் ஓட்டுநரின் எண்ணை முன்கூட்டியே கையில் கொடுங்கள்.

காய்ச்சல் மருந்திலும் ஒரு பொறி இருக்கிறது. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120, 125, 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு வலுவில் விற்கிறது. ஊரில் '5 மில்லி கொடு' என்று பழகிய தாய், தீவில் வாங்கிய 250லும் 5 மில்லி கொடுத்தால் மருந்து இருமடங்கு. ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளி என்பதே கணக்கு. வீட்டுப் புட்டியையே எடுத்து வரச் சொல்லுங்கள்.

கடற்கரைகளில் அதிகம் பார்ப்பது கால் காயம். நீல் தீவின் பரத்பூரிலும் லட்சுமண்பூரிலும் தண்ணீருக்கடியில் மணலோடு உடைந்த பவளத் துண்டுகள் கிடக்கும். ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே கழன்றுவிடும். பின்வார் உள்ள செருப்பையோ கடலுக்கென்றே உள்ள ரப்பர் காலணியையோ ஊரிலேயே வாங்கச் சொல்லுங்கள். பவளக் கீறல் சின்னதாகத் தெரிந்தாலும் அதற்குள் சுண்ணாம்புத் தூளும் உயிர்த்துணுக்குகளும் புதைந்திருப்பதால் வாரக்கணக்கில் ஆறாது. குடிநீரும் சோப்பும் விட்டு, வலித்தாலும் மெல்லிய துணியால் தேய்த்துக் கழுவிப் போவிடோன் அயோடின் போட வேண்டும். கடல் முள்ளெலி குத்தினாலும் திருக்கை அடித்தாலும் முதல் மருந்து சூடு. சுமார் 45 டிகிரி வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை வைக்க வேண்டும். அந்த நஞ்சு சூட்டில் கெடும். சூட்டை அடிபடாத காலால் சோதிக்க வேண்டும், மரத்துப்போன கால் வெந்தாலும் சொல்லாது. சொறி மீன் பட்டால் கடல் நீரால் கழுவி, இழைகளை இடுக்கியால் எடுத்து, அதே சூட்டில் 20 நிமிடம். மணல் போட்டுத் தேய்ப்பதும் சிறுநீர் விடுவதும் நஞ்சைக் கூட்டும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை.

மணல் ஈக் கடியும் துணி உரசலும் சொல்லத் தயங்கும் தொல்லைகள். ஜீன்ஸிலும் சல்வாரிலும் குளித்துவிட்டு ஈரத்தோடு வண்டியில் அரை மணி உட்கார்ந்தால் தொடை இடுக்கு உப்பிலும் மணலிலும் உரசிப் புண்ணாகும். வண்டியில் மாற்றுத்துணி இருக்கட்டும். மணல் ஈ விடியலிலும் அந்தியிலும் கால்களைத் தேடி வரும். தேங்காய் எண்ணெய் கனமாகப் பூசினால் அதன் வாய் தோலை எட்டுவது கடினம்.

கடலடி நடையையும், மூச்சுக் கருவியோடு மூழ்கும் ஸ்கூபாவையும் பேக்கேஜில் 'இலவசம்' என்று சேர்க்கிறவர்கள் இதைக் கேளுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையைப் போல் இருமடங்கு. மூக்கடைப்பு இருந்தால் காதுக்குள் காற்று சமன் ஆகாது, செவிப்பறை ரத்தம் கட்டும், கிழியவும் கூடும். சளி இருக்கும் பிள்ளையை இறக்காமல் பணத்தைத் திருப்பித் தர உங்கள் ஒப்பந்தத்தில் இடம் இருக்க வேண்டும். அது இல்லாததால்தான் 'கட்டியாச்சே' என்று இறக்குகிறார்கள். 10 வயதுக்குக் கீழ் ஸ்கூபா வேண்டாம். உடல்நலப் படிவத்தைத் தமிழில் கொடுங்கள். ஆஸ்துமா என்ற கட்டத்தில் படிக்காமலே 'இல்லை' என்று கையெழுத்து விழுகிறது. ஒருமுறை மூழ்கினால் விமானத்துக்கு முன் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி தேவை. ஐந்தாம் நாள் மாலை ஸ்கூபாவும் ஆறாம் நாள் காலை விமானமும் ஒரே தாளில் எழுதப்படக் கூடாது.

பாராடாங் தீவுப் பயணத்தைச் சிறு குழந்தை உள்ள குடும்பத்துக்கு விற்காதீர்கள். முதல் வாகன வரிசையைப் பிடிக்க விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியில் எங்கும் நிற்காமல் போக வேண்டும். அங்கே நிற்கக் கூடாது என்பது அந்த மக்களின் நலனுக்கான சட்டம். அதைக் குழந்தையின் வயிற்றுக்காகத் தளர்த்தக் கேட்பது தவறு.

பிள்ளைகள் பொறுக்கும் சங்கையும் பவளத் துண்டையும் பெட்டியில் வைக்க விடாதீர்கள். பவளம் 1972 வனவிலங்குச் சட்டப்படி காக்கப்பட்டது, விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுப்பார்கள். பெயர்களையும் சொல்லி வையுங்கள். ஹேவ்லாக் 2018 முதல் சுவராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு, போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் ஒன்றும் பேச்சில் இன்னொன்றுமாக இருப்பதால் பெரியவர்கள் துறைமுகத்தில் தவறான வரிசையில் கால் கடுக்க நிற்கிறார்கள். யாரையாவது தமிழில் கேட்கச் சொல்லுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள்.

கடைசியாக, ஊர் திரும்பிய பின் வரும் காய்ச்சல். மழைக்குப் பிந்தைய மாதங்களில், முக்கியமாக அக்டோபர், நவம்பரில், அந்தமானில் எலிக்காய்ச்சல் பரவுவதுண்டு. எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தால், காலில் உள்ள கீறல் வழியாகக் கிருமி ஏறும். காய்ச்சல் 2 நாளிலும் வரலாம், 4 வாரம் கழித்தும் வரலாம். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, கடும் தலைவலி சேர்ந்திருக்கும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லிக்கே கட்டுப்படும், தள்ளிப் போனால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தொடும். திருச்சியிலோ சேலத்திலோ இருக்கும் மருத்துவருக்கு அந்தமான் போய் வந்தது தெரியாது, சொன்னால்தான் அந்தச் சோதனையை எழுதுவார். எனவே திரும்பும் விமான டிக்கெட்டோடு ஒரு சிறு தாளை இணைத்துக் கொடுங்கள். அதில் இரண்டு வரி போதும்: எந்தத் தேதியில் அந்தமானில் இருந்தீர்கள், அடுத்த 4 வாரத்தில் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

அன்புடன்,
குடும்பங்களின் தீவுப் பயணத்தில் துணை நிற்கும் சிலர்